22 பேர் நடுவில் ஒரு பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தக்கலைப் பக்கம் சிறிய மழலையர் பள்ளி ஒன்று நடத்துகிறீர்கள். மூன்று முதல் ஐந்து வயது வரை 22 பிள்ளைகள், உதவிக்கு ஓர் அக்கா. அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம். ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன பிடிக்கும் என்று ஒரு தாள் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டீர்கள். ஆனால் "என்ன கதை வேணும்?" என்று கேட்டால் முன்னால் இருக்கும் ஒருவன் "யானை" என்கிறான், அடுத்த நொடியே 22 பேருக்கும் யானைதான் வேண்டியிருக்கிறது. கையைத் தூக்கச் சொன்னால் எல்லாக் கையும் எல்லாவற்றுக்கும் மேலே போகிறது. இதற்கு நல்ல கேள்வித்தாள் ஏதாவது உண்டா என்று கடிதத்தை முடித்திருக்கிறீர்கள். கேள்வித்தாள் இந்த வயதுக்கு உதவாது, அந்தப் பதில் அவ்வளவுதான். ஆனால் உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன்: பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஒரு பிள்ளை காட்டும் விருப்பம் அதனுடையதா, கூட்டத்தினுடையதா? அதற்குத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் 11 ஆண்டு பால்வாடியில் வேலை பார்த்தேன். அப்புறம் சிறப்புக் கல்வி படித்துவிட்டு, விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் மையம் மையமாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லும் வேலையில் 14 ஆண்டு இருந்தேன். கீழே சொல்வதெல்லாம் மூன்று வயது தாண்டியவர்களை வைத்துத்தான். அதற்கும் சின்னப் பிள்ளைகளிடம் எனக்குப் பழக்கம் குறைவு, அங்கே இதை அப்படியே பொருத்த வேண்டாம்.

முதலில், உறுதியாகச் சொல்லக்கூடியது. இந்த வயதில் வாய் சொல்வதை மட்டும் நம்பித் தாளில் எழுதக் கூடாது. இரண்டு மூன்று வயதில் "பிடிக்குமா?" என்று எதைக் கேட்டாலும் "ம்" என்பார்கள். பந்து பிடிக்குமா, ம். பொம்மை, ம். பாவக்காய்? அதற்கும் ம். கேட்பவர் முகம் மலரட்டும் என்பதற்காக வரும் "ம்" அது. சரி, இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொல்வோம் என்றால் அங்கே வேறொரு பள்ளம் இருக்கிறது. 2019-இல் அமெரிக்காவில் இரண்டு வயதையொட்டிய பிள்ளைகளிடம் இதையா அதையா என்று கேட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், 100-க்கு 85 தடவை இரண்டாவதாகச் சொன்னதையே திருப்பிச் சொன்னார்கள். இட்லியா தோசையா என்றால் தோசை, தோசையா இட்லியா என்றால் இட்லி. காதில் கடைசியாக விழுந்த சொல்தான் நாக்கில் நிற்கிறது. இரண்டையும் கண்முன் வைத்துச் சுட்டிக்காட்டச் சொன்னபோது இந்தச் சாய்வு வெகுவாகக் குறைந்தது. வளர வளர இது குறையும் என்றாலும், உங்கள் மூன்று வயதுக்காரர்களிடம் மிச்சம் இருக்கும். நாளைக்கே கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

நம் குமரி மாவட்டத்தில் சொல்லே வேறாக இருக்கும் சிக்கலும் உண்டு. ஒரு மையத்தில் உணவுப் பட அட்டையைக் காட்டி "மரவள்ளிக்கிழங்கு பிடிக்குமா?" என்று டீச்சர் கேட்டார். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. வீட்டில் மரச்சீனி தின்று வளர்ந்த பிள்ளைகள் அவர்கள், மரவள்ளி என்ற பெயரை அன்றுதான் கேட்கிறார்கள். குழித்துறையைத் தாண்டி மேற்கே போனால் பாதி வீடுகளில் மலையாளம் கலந்த பேச்சு. பிள்ளை பேசாமல் இருப்பதைப் பிடிக்கவில்லை என்று எழுதிவிடுவது சுலபம்.

இனி கூட்டத்துக்கு வருவோம். யானைக் கூச்சலை இரண்டு ஆய்வுகளை வைத்து யோசிக்கலாம். அவை இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்லவில்லை. 2011-இல் வெளிவந்த ஒன்றில் நாலு வயதுப் பிள்ளைகளிடம் படங்களைப் பற்றிக் கேட்டார்கள். மற்றப் பிள்ளைகள் தப்பான பதிலைச் சொன்னபோது, தனக்குச் சரியான பதில் கண்ணெதிரே இருந்தும் பலர் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள். ஆனால் மற்றவர்களுக்குத் தெரியாமல் பதில் சொல்ல விட்டபோது அவ்வளவாகச் சேரவில்லை. அதாவது உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. நாலு வயதிலேயே நம் ஆட்களுக்கு இது வந்துவிடுகிறது.

மற்றது பழையது, 1980-இல் லியான் பர்ச் செய்தது. ஒரு காய்கறியை விரும்பும் பிள்ளையை, வேறொரு காய்கறியை விரும்பும் மூன்று நாலு பேரோடு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தார்கள். முதல் நாள் அது தனக்குப் பிடித்ததை எடுத்தது. நாலாவது நாள் மற்றவர்கள் எடுத்ததையே எடுத்தது. இங்கே கவனிக்க வேண்டியது அடுத்ததுதான். பிறகு கூட்டாளிகள் இல்லாமல் பார்த்தபோதும் அந்த மாற்றம் இருந்தது. இந்தப் பிள்ளை நடிக்கவில்லை, விருப்பமே நகர்ந்துவிட்டது. முட்டை போடும் நாளில் ஒருவன் மஞ்சள் கருவைப் பார்த்து "சீ" என்றால் அந்த வரிசை முழுக்கத் தட்டைத் தள்ளுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் எத்தனை பேர் ஒப்புக்குத் தள்ளினார்கள், எத்தனை பேருக்கு நிஜமாகவே அன்றிலிருந்து மஞ்சள் கரு ஆகாமல் போனது என்று அந்த ஒரு நாளை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஆகவே "கூட்டத்தில் காட்டுவது பொய், தனியாகக் காட்டுவதே நிஜம்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டையும் பார்க்க வேண்டும், இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். நான் சொல்ல வருவது முக்காலும் இதுதான்.

கூட்டத்தில் பார்ப்பதற்கு நான் பழகிய வழி இது. ஐந்து பொருளைத் தரையில் ஐந்து இடத்தில் வையுங்கள்: கட்டைகள், சமையல் சாமான், படப் புத்தகம், மெழுகுக் கட்டியும் (கிரேயான்) தாளும், தண்ணீரும் புனலும். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு பேருக்குப் போதுமான அளவு இருக்கட்டும். ஒரே ஒரு லாரி இருந்தால் அதற்கு வரும் கூட்டம் லாரிக்காக வருவதல்ல, அடிபிடிக்காக வருவது. 25 நிமிடம் விளையாட விடுங்கள், நீங்கள் எதையும் பரிந்துரைக்காதீர்கள். பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒரே வரிசையில், ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்று ஓர் எழுத்து மட்டும் குறியுங்கள். கண்ணில் படுகிறவர்களை மட்டும் குறித்தால் சத்தம் போடுகிறவர்களே தாள் நிறைய இருப்பார்கள், அதனால்தான் வரிசை. ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒரு நாளைக்கு 8 சுற்று, ஐந்து நாளில் ஒரு பிள்ளைக்கு 40 குறி. எதுவுமே குறிப்பாகப் பிடிக்காத பிள்ளைக்கு இடத்துக்கு 8 விழும். ஓர் இடத்தில் 20 விழுந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. 10, 11 விழுந்தால் அதைப் பெரிதாக எடுக்காதீர்கள்.

ஏதோ இருக்கிறது என்றுதான் சொன்னேன், அந்தப் பொருள் பிடிக்கும் என்று சொல்லவில்லை. அருமனைக்கு அந்தப் பக்கம் ஒரு மையத்தில் ஒருவன் ஐந்து நாளும் கட்டைகளோடுதான் இருந்தான். கட்டை என்றால் உயிர் என்று எழுதிக்கூட வைத்துவிட்டேன். அடுத்த வாரம் தரை கழுவுவதற்காகக் கட்டைகளை எதிர்ச் சுவரோரம் மாற்றினார்கள். பையன் பழைய இடத்திலேயே உட்கார்ந்து படப் புத்தகத்தைப் புரட்டினான். அந்த மூலை சமையலறை வாசல். உள்ளே சமைக்கும் அக்கா அவனுக்கு மாமி. அதற்குப் பிறகு நாள்தோறும் பொருள்களின் இடத்தை மாற்றாமல் நான் எண்ணியதே இல்லை. மின்விசிறிக்குக் கீழே இருக்கும் பாய், வாசல் தெரியும் ஜன்னல், இவற்றுக்கெல்லாம் தனி ரசிகர்கள் உண்டு.

அடுத்து சிநேகிதம். ஒரு பிள்ளை போன இடத்துக்கே இன்னொன்று போகும். இதைப் பிரிக்க, எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி போட்டுக்கொள்வேன்: இவள் முதலில் வந்தாளா, ஒருத்தி பின்னால் வந்தாளா. எப்போதும் பின்னால் வருகிறவளுக்குப் பிடித்தது மணி கோப்பது அல்ல, முன்னால் போனவளைத்தான். முன்னவள் வராத நாள் உங்களுக்குக் கிடைத்த பரிசு மாதிரி. கோவில் கொடை, தேவாலயத் திருவிழா என்று பாதிப் பேர் வராத நாளில், மீந்திருக்கும் எட்டுப் பத்துப் பேரைக் கட்டாயம் எண்ணுங்கள். அன்றைக்குக் கூட்டமே வேறு.

எண்ணுவதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நீங்கள் வைத்த பொருளுக்குள்தான் விருப்பம் தெரியும், வைக்காதது தெரியாது. கடலோரத்தில் ஒரு மையத்தில் நாகர்கோவில் கடையில் வாங்கின பிளாஸ்டிக் சாமான் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தோம். பிள்ளைகள் முற்றத்தில் பூவரச இலையைப் பறித்துக் குவித்து, ஒருவன் நடுவில் நின்று மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தான். சாளை இவ்வளவு, அயிலை இவ்வளவு என்று. உள்ளே கிடந்த எங்கள் கடைப்பொருளுக்கு அன்று விழுந்த குறி அநேகமாக ஒன்றுமில்லை. மலையோரப் பக்கம் போனால் சிரட்டையைக் கயிற்றில் கட்டிக் கொய்யா மரத்தில் தொங்கவிட்டு ரப்பர் பால் எடுப்பார்கள். அதே சிரட்டையில் வேறிடத்தில் மண்ணப்பம் சுடுவார்கள். ஆகவே ஐந்து பொருளில் ஒன்றாவது சிரட்டை, ஓலை, இலை, மணல் என்று பெயரில்லாத பொருளாக இருக்கட்டும். இதை எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஆறு ஏழு பேர் பிடிபட மாட்டார்கள். அவர்களுக்கு மட்டும் தனியாக உட்காருங்கள். 22 பேருக்கும் செய்யப் போனால் உங்கள் மாதம் போதாது. திண்ணையில், மற்றவர்களுக்கு முதுகு காட்டி உட்காரும்படி இடம் பாருங்கள். நான் செய்வது, வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக அமெரிக்காவில் உருவான முறை. 1992-இல் இரண்டிரண்டாக வைத்து எடுக்கச் சொல்லும் வழி வந்தது, 1996-இல் எல்லாவற்றையும் வரிசையாக வைக்கும் வழி வந்தது. குறைபாடு இல்லாத பிள்ளைகளிடமும் இவற்றைச் செய்து பார்க்கலாம். ஐந்து பொருள் என்றால் இரண்டிரண்டாக 10 ஜோடி வரும். வரிசை முறையில் ஐந்தையும் பரப்பி "ஒண்ணு எடு மக்களே" என்று மட்டும் சொல்லுங்கள். எடுத்ததை வைத்து அரை நிமிடமாவது விளையாட விடுங்கள், பிறகு அதை ஒதுக்கிவிட்டு மிச்சம் நாலைக் காட்டுங்கள், அப்புறம் மூன்று. எடுத்ததை உடனே பிடுங்கிவிட்டால் அடுத்த தடவை பிள்ளை கையை நீட்டாது, அது நியாயம்தானே. நாலு வயதுக்கு மேல் வரிசை நன்றாக நடக்கும். சின்னவர்கள் ஐந்தையும் பார்ப்பதில்லை, கிட்டே இருப்பதை எடுப்பார்கள். அவர்களுக்கு ஜோடி. எப்போதும் வலது பக்கத்தையே எடுக்கும் பிள்ளைகள் உண்டு, அதனால் ஒவ்வொரு தடவையும் இடத்தை மாற்ற வேண்டும். உங்கள் கண் எந்தப் பொருள்மேலும் நிற்கக் கூடாது. ஒரே நாளில் முடிவு கட்டாமல் மூன்று வேறு நாளில் செய்தால், முதல் இரண்டு இடமும் கடைசி இடமும் ஓரளவு நிலைக்கும். நடுவில் இருப்பவை இடம் மாறிக்கொண்டே இருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். சாப்பாட்டுப் பொருளை வைத்துச் செய்தால், ஒவ்வாமை உண்டா என்று வீட்டில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இப்போதுதான் மட்டிப்பழம் தின்ற பிள்ளை மட்டிப்பழத்தை எடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிரித்த முகம், சாதாரண முகம், சுருங்கிய முகம் என்று மூன்று படம் காட்டி எதைத் தொடுகிறாய் என்று கேட்கும் முறையும் உண்டு. 1979-இலேயே மழலையர் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம், கூட்டாளிகளின் புகைப்படத்தைக் காட்டி யாரோடு விளையாடப் பிடிக்கும் என்று அறிய இதைப் பயன்படுத்தினார்கள். மிட்டாய், பாவக்காய் என்று நாலைந்து பழக்கிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எல்லாவற்றுக்கும் சிரித்த முகத்தையே தொடுகிற பிள்ளைக்கு இது வேண்டாம். யாரைப் பிடிக்காது என்று மட்டும் கேட்காதீர்கள். அது வீட்டுக்குப் போகும், அங்கிருந்து தெருவுக்குப் போகும்.

எதையும் எடுக்காமல் பார்த்துக்கொண்டே நிற்கும் பிள்ளைக்குத் தாளில் என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். 1932-இல் மில்ட்ரெட் பார்ட்டன் பிள்ளைகளின் விளையாட்டை ஆறு வகையாகப் பிரித்தபோது, வேடிக்கை பார்ப்பதையும் ஒரு வகையாக வைத்தார். எங்கே நின்று பார்க்கிறது என்று குறியுங்கள். தண்ணீர் விளையாட்டைப் பத்து நாள் தள்ளி நின்று பார்த்த ஒருத்தி, மற்றவர்கள் கை கழுவப் போன நேரத்தில் ஓடிப்போய்ப் புனலைத் தூக்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எந்தப் பொருளையும், எந்த ஆளையும், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காத பிள்ளை வேறு. அதை விருப்பக் கணக்கில் சேர்க்காதீர்கள். காது, கண், வளர்ச்சி மூன்றையும் பார்க்கச் சொல்லி வீட்டாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு தடவை பரிசோதிக்க வரும் அரசு மருத்துவக் குழு பற்றியும் பக்கத்து அங்கன்வாடியில் விசாரியுங்கள்.

பெற்றோர் சொல்வதையும் கேளுங்கள், ஆனால் பார்த்து முடித்த பிறகு. முதலிலேயே கேட்டால் அதையே தேட ஆரம்பித்துவிடுவீர்கள். "என் மகனுக்குக் கார் என்றால் போதும்" என்று ஓர் அம்மா சொன்னார். மையத்தில் அவன் காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் ஒரு பெட்டி நிறையக் கார். வீட்டில் தொடவே விடாத தண்ணீரில்தான் நாளெல்லாம் கிடந்தான். அம்மா சொன்னது பொய்யில்லை. வீட்டில் அவன் வேறு ஆள்.

இனி சந்தேகமான பகுதி. இப்படிக் கண்டுபிடித்தது எத்தனை நாளுக்கு நிற்கும் என்பதில் ஆய்வுகளே ஒன்றுபோல் சொல்வதில்லை. என் அனுபவத்தில் சிலருக்கு ஆண்டு முழுக்க ஒன்றே, சிலருக்கு அடுத்த திங்கட்கிழமை வேறு. ஆண்பிள்ளை சமையல் சாமான் பக்கம் வராதது அவன் விருப்பமா, அண்ணன்மார் கிண்டலா என்பதை இந்த எண்ணிக்கையால் பிரிக்க முடியாது. தனியாக உட்காரும்போதும் நீங்கள் ஒருவர் எதிரே இருக்கிறீர்கள், டீச்சரின் கண் அவனுக்கு ஒரு கூட்டம்தான்.

கண்டுபிடித்ததைக் கையாளும் விதத்தில் ஒரு எச்சரிக்கை. வரையப் பிடிக்கும் என்று தெரிந்ததும், வரைந்தால் ஸ்டார் ஒட்டுவேன் என்று ஆரம்பிக்காதீர்கள். 1973-இல் மார்க் லெப்பரும் மற்ற இருவரும், விளையாட்டு நேரத்தில் கவனித்து வரைவதில் ஆசை உள்ள பிள்ளைகளையே தேர்ந்தெடுத்தார்கள். வரைந்தால் சான்றிதழ் என்று சிலரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அதன்படி கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவழித்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறையப் பாதிதான். சொல்லாமல் சான்றிதழ் கொடுத்தவர்களுக்கு இந்தச் சேதம் இல்லை.

பெற்றோர் தாளில் "இவளுக்கு வரைவது பிடிக்கும்" என்று எழுதாமல், பார்த்ததை எழுதுங்கள்: "இரண்டு வாரம் கவனித்ததில் பாதி நேரம் வரைந்தாள். தோழி வராத நாளிலும் வரைந்தாள். தனியாகக் கேட்டபோது மூன்று தடவையில் இரண்டு தடவை மெழுகுக் கட்டியை முதலில் எடுத்தாள்." இன்னொரு தாள் இப்படி இருக்கலாம்: "கூட்டத்தோடு சேர்ந்து பந்து விளையாடுகிறான். தனியாக இருக்கும்போது பந்தைத் தொடுவதில்லை, புத்தகம் எடுக்கிறான்." இரண்டும் அவன்தான், ஒன்றை அடித்துவிட வேண்டாம். மூன்று நாலு பிள்ளைகளுக்கு எழுத ஒன்றும் கிடைக்காது. அந்த இடத்தை நிரப்பாமல் விட்டு, கூட்டத்தன்று அந்த வீட்டாரை ஐந்து நிமிடம் முன்னதாக வரச் சொல்லி, காலையில் கண் விழித்ததும் பிள்ளை முதலில் எதைத் தேடுகிறது என்று கேளுங்கள்.